ஆயமும் அரசும்: பரிசுச்சீட்டுத் தடை குறித்த ஓர் அறவியல் நோக்கு

பெங்களூரின் கண்டோன்மென்ட் பகுதி 1809ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயரின் படைவீடாகத் தோற்றம் பெற்றது. படையைத் தொடர்ந்து வந்த தமிழ் மக்கள் அதன் தெருக்களிலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் நிலைபெற்றனர். நீலசந்திரா, விவேக் நகர் ஆகியவற்றை அடுத்துள்ள ஆஸ்டின் டவுனும் அவ்வாறு தமிழ் வழங்கும் பகுதிகளுள் ஒன்று. கன்னட அகராதியை உருவாக்கிய கிட்டெலின் பெயரால் இது இன்று கிட்டெல் நகர் என வழங்கப்பெறினும் மக்கள் நாவில் ஆஸ்டின் டவுன் என்ற பெயரே நிற்கிறது. நாட்கூலியும் சிறு வணிகமும் கீழ்நிலை அலுவல்களுமாக வாழும் குடும்பங்கள் மிகுந்த இத்தகைய பகுதிகளில், 2007 வரை, தெருமுனை மேசையில் கயிற்றில் தொங்கிய லாட்டரிச் சீட்டுகள் அன்றாடக் காட்சியாக இருந்தன. அவ்வாண்டில் கர்நாடக அரசு, தான் நடத்திய பரிசுச்சீட்டு உட்பட அனைத்து லாட்டரி விற்பனையையும் தடைசெய்து, மாநிலத்தை லாட்டரி இல்லாப் பகுதியாக்கியது. மேசைகள் மறைந்தன.

மேசையை அகற்றும் உரிமை அரசுக்கு எதனால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. தன் உழைப்பில் ஈட்டிய பத்து ரூபாயை ஒருவன் தன் விருப்பப்படி இழப்பதை அரசு ஏன் தடுக்க வேண்டும்? தடுப்பது அறமெனின், அதற்கு முந்தைய ஆண்டு வரை அதே சீட்டை அவனுக்கு விற்றது யாது? சட்டநூல்கள் இவ்வினாவை ஒருவாறு விடுவித்துவிட்டன. தமிழ் இலக்கிய மரபோ இதனை வேறொரு கோணத்தில் அணுகுகிறது. அக்கோணம் இன்றைய விவாதங்களில் போதிய இடம் பெறவில்லை.

சீட்டும் சூதும்

குலுக்கி எடுத்தல் என்பது தமிழ் மரபில் இழிவாகக் கருதப்பட்டதன்று. உத்திரமேரூரில் கிடைக்கும் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையோர் பெயர்கள் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டன. ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். தகுதியால் ஒத்தவரிடையே ஒருவரைத் தெரிவதற்கு மனிதச் சார்பு தலையிடாத வழியாகவே தற்செயல் இங்குப் பயன்பட்டது. கோயில்களில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்க்கும் வழக்கமும் அவ்வகையினதே. மனிதன் முடிவெடுக்கத் தயங்கும் இடத்தில் முடிவைத் தன்னினும் மேலான ஒன்றிடம் ஒப்படைக்கிறான்.

இவற்றினும் நெருங்கிய சான்று ஒன்றை ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளின் அன்றாட வாழ்விலேயே காணலாம். அதுவே பெண்கள் தம்முள் நடத்தும் சீட்டு. இருபது பேர் சேர்ந்து மாதந்தோறும் ஒரு தொகை கட்டுவர். குலுக்கல் சீட்டாயின் பெயரைக் குலுக்கி எடுத்தும், ஏலச் சீட்டாயின் தள்ளிக் கேட்டும் ஒருவருக்குத் தொகை முழுவதும் வழங்கப்படும். குலுக்கலில் தற்செயல் நிர்ணயிப்பது முறைவரிசையை மட்டுமே. முதல் மாதம் பெற்றவரும் கடைசி மாதம் பெற்றவரும் கட்டியது ஒன்றே. நடத்துபவர் நாணயமானவராயின் ஒருவர் பெறுவதற்காக மற்றொருவர் இழக்க வேண்டியதில்லை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் இம்முறையை ஒழுங்குபடுத்தி ஏற்றுக்கொண்டது. பரிசு விழுந்தவர் மேற்கொண்டு கட்டாமல் விலகிக்கொள்ளும் பரிசுச் சீட்டுத் திட்டங்களையோ 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது. இரண்டிலும் இருப்பது சீட்டு. இரண்டிலும் இருப்பது குலுக்கல். பலரின் இழப்பு ஒருவரின் பேறாகிறதா என்பதே இவற்றைப் பிரிக்கும் கோடு.

ஆகவே சூதின் குற்றம் தற்செயலில் இல்லை. ‘அதிர்ஷ்டத்தை நம்புதல் இழிவு’ என்று மேடைகளில் வழங்கிவரும் கண்டனம் மேலோட்டமானது. மழையை நம்பி விதைக்கும் உழவனும் அவ்வகையில் தற்செயலை நம்புபவனே.

சங்கப் பாடல்களும் இதற்கு அரண் செய்கின்றன. பாழ்பட்ட பொதியிலில் நரைத்த முதியோர் வல்லாடிய குழிகளைப் புறநானூற்றின் 52ஆம் பாடல் சுட்டுகிறது. அங்கு ஆட்டத்தின் மீது கண்டனம் இல்லை. ஊர் அழிந்ததால் அம்முதியோர் இல்லாமற்போன துயரமே உண்டு. பொழுதுபோக்காக ஆடும் முதியவனும் அரசவையில் நாட்டை வைத்தாடும் வேந்தனும் தமிழ்ப் புலவர் பார்வையில் ஒருவரல்லர்.

ஆயம், கழகம்

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது. பொருட்பாலில் வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை ஆகியவற்றை அடுத்து இது நிற்கிறது. வென்றாலும் சூது வேண்டற்பாலதன்று எனவும், அவ்வெற்றி மீன் விழுங்கிய தூண்டிற்பொன் போன்றது எனவும் வள்ளுவர் தொடங்குவது அனைவரும் அறிந்தது. இங்கு நோக்கத்தக்கவை அவ்வதிகாரத்தில் ஆளப்படும் இரு சொற்கள்.

முதலாவது ஆயம். சூதாட்டத்தில் உருட்டும் கருவியினால் வரும் பேற்றுக்கு அச்சொல்லை ஆளும் வள்ளுவர், அதே குறளில் அரசனின் பொருள் வருவாய்க்கும் அதனையே ஆள்கிறார். முன்னதை ஓயாது கூவுபவனிடமிருந்து பின்னது புறத்தாரிடம் சென்றுவிடும் என்பது கருத்து. ஒலியின்பத்திற்காக அமைந்த சொல் விளையாட்டு என இதனைக் கடந்துவிடலாம். ஆயினும் இச்சொல்லின் பிற்கால வரலாறு அவ்வாறு கடக்கவிடவில்லை. ஆயம் என்பது வரியைக் குறித்து நின்றது. தமிழ்நாட்டரசில் இன்றும் மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் ஒரே துறையின் பெயரில் இணைந்துள்ளன. உருட்டுபவனின் பேறும் ஆள்பவனின் வருவாயும் ஒரே சொல்லில் தங்கியிருப்பது, இவ்வினாவை ஆராய்பவர்க்குத் தற்செயலான நற்பேறு.

இரண்டாவது கழகம். கவறு, கழகம், கை என மூன்றையும் வள்ளுவர் ஒருங்கே நிறுத்துகிறார். கவறு கருவி, கை ஆடுபவனின் திறன், கழகம் ஆடுமிடம். கழகத்திற்குள் புகுதலையே கேட்டின் தொடக்கமாகக் கூறும் குறளும் அவ்வதிகாரத்தில் உண்டு. (இச்சொல் பின்னர் அவையையும் அமைப்பையும் குறித்துப் பல்கலைக்கழகம் வரை உயர்ந்தது சொற்பொருள் உயர்பிற்கு நல்ல சான்று.) சூதாடியின் ஆசையை மட்டும் பழித்து விட்டுவிடாமல், ஆடுவதற்கென அமைந்த இடத்தையும் குற்றத்தின் உறுப்பாக எண்ணியமையே வள்ளுவரின் தனிச்சிறப்பு எனலாம். அவ்விடத்தை நடத்துபவன் யார் என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. அரசே அதனை நடத்தும் காலம் வரும் என அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

கழகம் நடத்திய அரசுகள்

அக்காலம் வந்தது. கொல்கத்தாவின் டவுன் ஹால் 1813இல் லாட்டரிப் பணத்தால் எழுந்தது. 1817இல் அமைந்த லாட்டரிக் குழு அந்நகரின் சாலைகளையும் குளங்களையும் அவ்வழியே அமைத்தது. விடுதலைக்குப் பின் கேரளம் 1967இல் இதற்கெனத் தனித் துறையை நிறுவியது. ஒரு ரூபாய்ச் சீட்டு. முதற்பரிசு 50,000 ரூபாய். முதற் குலுக்கல் 1968 ஜனவரி 26. அதே ஆண்டில் தமிழகமும் பரிசுச்சீட்டைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என அண்ணாவின் பெயரோடு வழங்கிவரும் முழக்கம் அக்காலத்தின் நம்பிக்கையை ஒரு தொடரில் அடக்கிவிடுகிறது. இழப்பு என்பதே இல்லை. இழந்தவனும் கொடையாளியே என்பது அதன் வாதம்.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. கேரளத்தில் 2011இல் தொடங்கப்பெற்ற காருண்யா லாட்டரியின் வருவாய் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டது. சீட்டு விற்போருள் முதியோரும் உடற்குறையுடையோரும் மிகுதி. வேறு வேலை கிட்டாதவர்க்கு அது சோறு. ஆயினும் கொடைக்கு இன்றியமையாத ஓர் இயல்பு இங்கு இல்லை. கொடுப்பவன் கொடுக்கும் மனத்தோடு கொடுப்பதில்லை. பெறும் மனத்தோடு கொடுக்கிறான். ஏழையின் மருத்துவச் செலவை மற்றோர் ஏழையின் ஏமாற்றத்திலிருந்து எடுப்பதை வரி என்றும் கூற இயலாது. வரி வருவாய்க்கேற்ப ஏற வேண்டுவது. இதுவோ தேவைக்கேற்ப ஏறுகிறது. எவன் மிக நெருக்கடியில் உள்ளானோ அவனே மிகுதியாகச் செலுத்துகிறான்.

எண்ணிக்கையிலும் இது விளங்கும். கேரளத்தின் திருவோணம் பம்பர்ச் சீட்டின் விலை 500 ரூபாய். 2022 முதல் முதற்பரிசு 25 கோடி. ஓராண்டில் 70 லட்சம் சீட்டு விற்றால் வசூல் 350 கோடி. முதற்பரிசு பெறும் வாய்ப்பு 70 லட்சத்தில் ஒன்று. பெற்றவரும் முகவர் பங்கும் 30 விழுக்காட்டு வருமான வரியும் கழிந்த பின்னரே பெறுகிறார். சீட்டுகளை எவ்வளவு மிகுதியாக வாங்குகிறோமோ அவ்வளவுக்கு இழப்பு உறுதிப்படுகிறது என்று ஆதம் ஸ்மித் 1776லேயே எழுதினார். 2022இல் பரிசு பெற்ற ஆட்டோ ஓட்டுநர், உதவி கேட்டு வருவோரால் வீட்டில் இருக்க முடியவில்லை எனவும் இப்பரிசு விழாமலேயே இருந்திருக்கலாம் எனவும் வெளிப்படையாக வருந்தியது செய்தித்தாள்களில் வந்தது. தூண்டிற்பொன் என்ற உவமை வென்றவனைக் குறித்தது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

சட்டத்தின் தடுமாற்றம்

சூதுக்குச் சட்டம் தரும் இடத்தை நிர்ணயித்த வழக்குகளுள் முதன்மையானது பெங்களூரோடு தொடர்புடையது என்பது பலர் அறியாதது. ஆஸ்டின் டவுனிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ரெசிடென்சி சாலையில் பதிவு அலுவலகம் கொண்டிருந்த ஆர்.எம்.டி.சி. நிறுவனம், பெங்களூரில் அச்சாகி வெளிவந்த இதழின் வழியே பரிசுப் போட்டிகளை நடத்தியது. பம்பாய் அரசு அதன்மீது வரியும் கட்டுப்பாடும் விதித்தது. 1957இல் உச்சநீதிமன்றம், சூது வணிகமே அன்று, ஆகவே வணிக உரிமையின் காப்பு அதற்கில்லை எனத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் அத்தீர்ப்பில் ரிக் வேதத்தையும் மகாபாரதத்தையும் சான்று காட்டினார்.

சூது வணிகமன்று எனில் அரசு நடத்தும் லாட்டரி யாது? அரசியலமைப்பு இவ்விரண்டையும் வெவ்வேறு பட்டியலில் வைத்துள்ளது. பந்தயமும் சூதும் மாநிலப் பட்டியலில் உள்ளன. அரசுகள் நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியலின் 40ஆம் பதிவில் உள்ளது. 1998ஆம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் இப்பதிவின் கீழ் இயற்றப்பட்டது. ஓரெண் அடிப்படையிலான பரிசு கூடாது; விற்பனைத் தொகை அரசுக் கணக்கில் சேர வேண்டும்; எந்த லாட்டரிக்கும் வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குலுக்கல் கூடாது என அது விதித்தது. இக்கடைசி விதியின் கதி சுவையானது. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு பெயரில் ஏழு லாட்டரிகள் வந்தன. ஒவ்வொன்றும் வாரம் ஒருமுறையே குலுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு விதிகளோ ஒரு மாநிலம் நாளொன்றுக்கு 24 குலுக்கல்கள் வரை நடத்த இடமளித்தன. ஆசையை வாரத்திற்கு ஒருமுறையாகக் கட்டுப்படுத்த எண்ணிய சட்டம், மணிக்கு ஒருமுறையாக அதனைப் பெருக்க இசைந்தது.

அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு பிற மாநிலச் சீட்டுகளைத் தன் எல்லையில் தடைசெய்யும் உரிமையை மாநிலத்திற்கு அளிக்கிறது. 1999இல் பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் இவ்வுரிமைக்கு ஒரு நிபந்தனையை உணர்த்தியது. தன் லாட்டரியை நடத்திக்கொண்டே பிறருடையதை ஒரு மாநிலம் தடுக்க இயலாது. தானும் நிறுத்தினால் மட்டுமே பிறரையும் நிறுத்தலாம். மாநிலங்களிடையே பாகுபாடு கூடாது என்ற சட்ட நோக்கில் பிறந்ததாயினும் இக்கட்டுரைக்கு வேண்டிய அறநெறி முழுவதும் இதனுள் உள்ளது. தடுக்கும் உரிமை ஆடுபவனின் குற்றத்திலிருந்து பிறக்கவில்லை. கழகத்தை அரசு தானே மூடிக்கொள்வதிலிருந்து பிறக்கிறது. இவ்விடத்தில் பாரதியின் பாஞ்சாலி சபதத்தைத் துணைக்கொள்ளலாம். தருமன் நாட்டைப் பணயமாக வைக்கும் கட்டத்தில் கவிஞர் கதையை நிறுத்தித் தாமே சினந்து பேசுகிறார். சிலையை விற்கும் பூசகனையும், காவல் காக்கும் வீட்டையே வைத்திழக்கும் வாயிற்காவலனையும் உவமையாக்குகிறார். தருமன் சூதாடினான் என்பதன்று அவர் குற்றச்சாட்டு. காக்க ஒப்படைக்கப்பட்டதை உடைமையாகக் கருதினான் என்பதே. குடிமக்களின் நம்பிக்கையை விலைப்பொருளாக்கி விற்கும் அரசும் அவ்வாயிற்காவலனே. கர்நாடகம் 2007இலும், தமிழ்நாடு 2003 ஜனவரியிலும் செய்தது இந்நோக்கில் குடிமகனைத் திருத்தியதன்று. அரசு தன்னைத் திருத்திக்கொண்டது.

திருத்தம் எதுவரை

இவ்விடத்தில் ஆஸ்டின் டவுனின் மேசையருகே நின்றவன் கேட்கத்தக்க வினாக்கள் சில உள்ளன. அவற்றை மறைத்துத் தடையைப் புகழ்வது நேர்மையன்று.

முதலாவது, ஏன் தன் ஆட்டம் மட்டும்? குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என 1996இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. நுழைவுக் கட்டணமும் பந்தயப் புத்தக அறிவும் உடையவனின் ஆட்டம் திறன். சீட்டு வாங்குபவனின் ஆட்டம் சூது. கர்நாடகம் லாட்டரியைத் தடைசெய்த அதே 2007இல் சாராயத்தையும் தடைசெய்தது. விலையுயர்ந்த மதுவகைகளின் விற்பனை தொடர்ந்தது. தமிழ்நாடு பரிசுச்சீட்டை ஒழித்த அதே 2003இன் இறுதியில் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியே அரசு தானே ஏற்றது. வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த இரு அதிகாரங்களுள் ஒன்றை மூடி மற்றொன்றைத் திறந்தது போன்றதே இது. ஏழையின் சூதையும் ஏழையின் குடியையும் ஒழிப்பது எளிது. அவற்றால் வரும் வருவாயும் குறைவு. இவ்வினாவிற்கு விடை தரும் கடமை தடையை ஆதரிப்போர்க்கு உண்டு. அவர்கள் தரவில்லை.

இரண்டாவது, தடை ஆசையை அழித்ததா? 2023இல் திருவோணம் பம்பர் முதற்பரிசு தமிழ்நாட்டைச் சேர்ந்த நால்வர் கூட்டாக வாங்கிய சீட்டிற்கு விழுந்தது. 2024இல் கர்நாடகத்தின் பாண்டவபுராவைச் சேர்ந்த மெக்கானிக் ஒருவர் வயநாட்டில் வாங்கிய சீட்டிற்கு விழுந்தது. தடைசெய்த இரு மாநிலங்களின் மக்களும் எல்லை கடந்து வாங்குகின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. வாங்கச் செல்ல இயலாதவன் அருகிலேயே ஆடுகிறான். கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்து ஆடப்படும் மூன்று நம்பர் லாட்டரி தமிழ்நாட்டில் வேரூன்றியது. விழுப்புரத்தில் 2019 டிசம்பரில் அதில் பொருளிழந்த நகைத்தொழிலாளி ஒருவரின் குடும்பமே மாண்டது. கர்நாடகத்தில் 2015இல் வெளிப்பட்ட ஓரெண் லாட்டரி முறைகேடு, தமிழர் மிகுந்த கோலார் தங்கவயலைத் தொட்டு நின்றது. காவல்துறையினர் மீதே ஐயம் எழ, விசாரணை சி.பி.ஐ.யிடம் சென்றது. சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பின் நாள்தோறும் தொடர்வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரும் ஊர் அது. அவ்வூரில் ஓரெண் சீட்டு ஏன் விலைபோயிற்று என்பதை விளக்க அறவுரை தேவையில்லை.

இவ்விரண்டாம் வினாவைக் கொண்டு சிலர் தடையை நீக்க வேண்டும் என்பர். கள்ளச்சந்தையை ஒழிக்க அரசே நேர்மையாக விற்கலாம் என்பர். இது ஏற்கத்தக்கதன்று. மூன்று நம்பர் ஆட்டத்திற்கு எண்ணைத் தருவது அரசு நடத்தும் நேர்மையான குலுக்கலே. அக்குலுக்கலின் நம்பகத்தன்மையே கள்ள ஆட்டத்தின் முதலீடு. ஒரு மாநிலம் நேர்மையாக நடத்துவது மற்றொரு மாநிலத்தில் நேர்மையற்றவனுக்குக் கவறாகிறது. தடை தோற்றதற்குக் காரணம் அது தடையாக இருந்ததன்று. மேசையை அகற்றிய அரசு, மேசையருகே நின்றவன் ஏன் நின்றான் என்று கேளாமல் சென்றதே காரணம். மகள் திருமணத்திற்கோ, வீட்டு முன்பணத்திற்கோ, மருத்துவமனைக்கோ ஒருசேரப் பெருந்தொகை பெறும் வழி நாட்கூலியாளனுக்கு இல்லை. வங்கி அவனுக்குக் கடன் தராது, கந்துவட்டிக்காரன் தருவான். பெண்கள் சீட்டுக் கட்டியதும் ஆண்கள் சீட்டு வாங்கியதும் ஒரே தேவையின் இரு முகங்கள். முன்னதற்குப் பாதுகாப்பளித்துப் பெருக்கியிருந்தால் பின்னதன் கவர்ச்சி தானே தளர்ந்திருக்கக்கூடும். விற்றுப் பிழைத்த ஊனமுற்றோர்க்கு மாற்று வாழ்வு தருவதும் அதே கடமையின் பகுதியாகும்.

கழகத்தை மூடுவது எளிது. ஆயத்தை விடுவது அரிது என்பதற்கு ஒரு வழக்கைக் காணலாம். கர்நாடகம் தடைக்கு முன் 2004இல் லாட்டரி வரிச் சட்டம் ஒன்றை இயற்றிப் பிற மாநிலச் சீட்டுகளின் மீது வரி வாங்கியது. 2007இல் லாட்டரியே இல்லாமற்போனது. வரி வாங்கியது செல்லாது, திருப்பித் தருக என உயர்நீதிமன்றம் கூறியது. மாநிலம் உச்சநீதிமன்றம் சென்றது. 2022 மார்ச்சில் அங்கு வென்றது. லாட்டரியும் சூதே, ஆகவே அதன்மீது வரி விதிக்கும் உரிமை மாநிலத்திற்கு உண்டு என்பது தீர்ப்பு. சீட்டு மறைந்து 15 ஆண்டுகள் கழித்தும் அச்சீட்டின் வரி யாருக்கு என்ற வழக்கு நடந்தது. மத்திய அரசின் பங்கும் குறைந்ததன்று: லாட்டரி மீதான சரக்கு சேவை வரி 2020இல் 28 விழுக்காடாகவும் 2025 செப்டம்பரில் 40 விழுக்காடாகவும் உயர்ந்தது. வழக்கில் தொடர்புடைய அவ்வரித் தொகை, ஆஸ்டின் டவுன் போன்ற தெருக்களின் மேசைகளில் பத்தும் இருபதுமாகச் சேர்ந்தது. அதனை வைத்துக்கொள்ளும் உரிமை மேகாலயா, நாகாலாந்து உள்ளிட்ட மாநிலங்களுக்கா கர்நாடகத்திற்கா என்றே நீதிமன்றங்கள் ஆராய்ந்தன. சீட்டு வாங்கியவர்கள் அவ்வழக்கில் ஒரு தரப்பினராக இல்லை.